பழைய யுனிக்ஸுக்குள் கோப்புகளைக் கொண்டு செல்ல மெய்நிகர் நாடாவைத் தயாரிப்பது எப்படி?

கேள்வி: சனிக்கிழமை வகுப்பு (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் கணினி வகுப்பு நடத்தி வருகிறேன். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றில், பழைய கணினிகளைப் போல நடிக்கும் சிம்எச் எமுலேட்டரை நிறுவி, அதில் பிடிபி-11 என்ற பழைய கணினியையும், 1979 ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட யுனிக்ஸ் ஏழாம் பதிப்பையும் இயக்கிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பழைய யுனிக்ஸ் பதிப்புகளைக் கால்டெரா நிறுவனம் 2002 இல் தாராள உரிமத்தில் விட்டுவிட்டதால், வகுப்பில் பயன்படுத்தத் தடையேதும் இல்லை.

ஓய்வுபெற்ற கிராணியார் (தோட்ட எழுத்தர்) ஒருவர் தம்மிடமிருந்த பழைய செக்ரோல் ஏட்டை (தொழிலாளர் பதிவேட்டை) எங்களுக்குக் கொடுத்து உதவினார். மாணவர்கள் அதிலிருந்து பால்வெட்டுக் கணக்கை ஒரு கோப்பாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டு, தொழிலாளியின் எண், தேதி, பாலின் எடை, மெட்ரோலாக் (பாலிலுள்ள ரப்பரின் அளவைக் காட்டும் கருவி) காட்டிய விழுக்காடு, கட்டிப்பாலின் (தானாக உறைந்த பாலின்) எடை ஆகியவற்றை வரிக்கு ஒருவராக எழுதியிருக்கிறோம். அந்தக் காலத்து ஆக் (வரிகளின் புலங்களைக் கணக்கிடும் நிரல்), சார்ட் (வரிசைப்படுத்தும் நிரல்) கருவிகளைக் கொண்டே காய்ந்த ரப்பரின் எடையை அவர்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கோப்பை உள்ளே அனுப்புவதில்தான் வழி தெரியாமல் நிற்கிறேன். கன்சோல் சாளரத்தில் ஒட்டினால் நடுநடுவே வரிகள் காணாமல் போகின்றன. சில எழுத்துகள் தாமாகவே அழிந்துவிடுகின்றன. மெய்நிகர் காந்த நாடாவைப் பயன்படுத்தலாம் என்று ஓரிடத்தில் படித்துவிட்டு, லினக்ஸில் டார் கோப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு) ஒன்றைத் தயாரித்து, அதை அப்படியே டிஎம்0 நாடா இயக்கியில் இணைத்தேன். யுனிக்ஸின் டார் கட்டளை எதையும் படிக்காமல் பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. டார் என்பதே நாடாவுக்காக உருவான வடிவம் அல்லவா? பிறகு ஏன் அது நாடாவாக ஏற்கப்படவில்லை? செய்முறையோடு காரணத்தையும் சொன்னால் மாணவர்களுக்கு விளக்க வசதியாக இருக்கும்.

மறுமொழி 1: நாடாச்சுருள் (ஈப்போ)

வணக்கம் தம்பி. நாடாச் சுருள்களைக் கையால் மாட்டிக் கழற்றிய காலத்தில் கணினிக்கூடத்தில் வேலை செய்தவன் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கன்சோலில் ஒட்டும் வழியை விட்டுவிடுங்கள். ஏழாம் பதிப்பில் ஒரு முனையத்துக்கான உள்ளீட்டு வரிசை 256 எழுத்துகளைத் தாண்டினால், கெர்னல் (யுனிக்ஸின் மைய நிரல்) அதுவரை சேர்ந்ததைக் கொட்டிவிடும். வரிகள் காணாமல் போவது அதனால்தான். எழுத்துகள் அழிவதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்து வழக்கப்படி # என்பது முந்தைய எழுத்தை அழிக்கும் குறி, @ என்பது முழு வரியையும் அழிக்கும் குறி. அச்சு முனையங்களில் பின்னோக்கி நகர்ந்து அழிக்க முடியாது என்பதால் இப்படி வைத்திருந்தார்கள். சி மொழி நிரல் ஒன்றை ஒட்டினால், #இன்க்ளூட் என்ற வரிகளெல்லாம் # குறியை இழந்து வந்து சேரும். இவற்றை மாற்றியமைக்க வழி உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான வரிகளை நம்பி ஒப்படைக்கத்தக்க பாதை அது அன்று.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். டார் நாடாவுக்காக உருவானதுதான், அதில் ஐயமில்லை. ஆயினும் டார் கோப்பு என்பது நாடாவில் எழுதப்பட வேண்டிய உள்ளடக்கம் மட்டுமே. நாடாவின் அமைப்பு அதில் இல்லை. உண்மையான காந்த நாடாவில் பைட்டுகள் இடைவெளியின்றி ஓடுவதில்லை. ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஒரு பதிவு உருவாகிறது. பதிவுக்கும் பதிவுக்கும் இடையில் எதுவும் எழுதப்படாத வெற்றிடம் விடப்படுகிறது. படிக்கும்போது இயக்கி ஒரு முழுப் பதிவைப் படித்துவிட்டு, அடுத்த வெற்றிடத்தில் நிற்கிறது. ஒரு கோப்பு முடிந்தது என்பதைக் காட்ட நாடாக் குறி என்ற தனி அடையாளம் எழுதப்படுகிறது. அடுத்தடுத்து இரண்டு நாடாக் குறிகள் வந்தால், எழுதப்பட்ட பகுதி அத்தோடு முடிந்தது என்று பொருள்.

வட்டில் இருக்கும் சாதாரணக் கோப்புக்கு வெற்றிடமும் தெரியாது, குறியும் தெரியாது. ஆகவே சிம்எச் தனக்கென ஒரு வடிவத்தை வைத்திருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அதன் நீளம் நான்கு பைட்டுகளில் எழுதப்படும்; பிறகு தரவு வரும்; பிறகு அதே நீளம் மீண்டும் நான்கு பைட்டுகளில் எழுதப்படும். பின்னால் மறுபடியும் நீளம் எழுதப்படுவதற்குக் காரணம், நாடாவைப் பின்னோக்கி நகர்த்தும் கட்டளை வந்தால் எமுலேட்டர் எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும் என்பதை அறிய வேண்டும். நீளம் சுழியம் என்று எழுதப்பட்டிருந்தால் அதுவே நாடாக் குறி. நான்கு பைட்டுகளில் மதிப்புக் குறைந்தது முதலில் வர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

நீங்கள் டார் கோப்பை அப்படியே இணைத்தபோது நடந்ததை இப்போது பாருங்கள். டார் கோப்பின் தொடக்கத்தில் இருப்பது முதல் கோப்பின் பெயர். அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் ‘செக்ரோல்’ என்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அதன் முதல் நான்கு எழுத்துகளின் பைட் மதிப்புகள் 99, 104, 101, 99. சிம்எச் இவற்றை ஒரு பெயராகப் பார்ப்பதில்லை. முதல் பதிவின் நீளமாகப் பார்க்கிறது. இவற்றை முறையே 1, 256, 65,536, 16,777,216 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 1,667,590,243 வருகிறது. ஏறத்தாழ 1.67 பில்லியன் பைட் நீளமுள்ள ஒரு பதிவு உங்கள் சிறிய கோப்பில் எங்கே இருக்கப் போகிறது? அதனால்தான் பிழை. வகுப்பில் மாணவர்களையே இந்தக் கூட்டலைச் செய்யச் சொல்லுங்கள். நாடாவுக்கும் கோப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

தயாரிக்கும் முறை எளியது. லினக்ஸில் டார் கட்டளைக்கு வி7 (ஏழாம் பதிப்பு) வடிவத்தைக் குறிப்பிட்டுக் கோப்பை உருவாக்குங்கள். புதிய வடிவங்களின் கூடுதல் விவரங்கள் பழைய டாருக்குப் புரியாது. கோப்புப் பெயர்கள் 14 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது, ஏனெனில் ஏழாம் பதிப்பின் அடைவுகளில் அதற்கு மேல் இடம் கிடையாது. அடைவுகளைச் சேர்க்காமல் கோப்புகளை மட்டும் சேர்ப்பது நல்லது. குனு டார் தானாகவே முடிவில் சுழியங்களை நிரப்பி, மொத்த அளவை 10,240 பைட்டின் மடங்காக ஆக்கிவிடும். அதன் பிறகு பைத்தானில் சில வரிகள் போதும். டார் கோப்பிலிருந்து 10,240 பைட்டுகளாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் 0, 40, 0, 0 என்ற நான்கு பைட்டுகளை எழுத வேண்டும். எல்லாம் முடிந்ததும் எட்டுச் சுழிய பைட்டுகளை எழுதி மூட வேண்டும். 40 ஐ 256 ஆல் பெருக்கினால் 10,240 என்பதை மாணவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சரியாக வந்ததா என்று அறிய அளவைப் பாருங்கள். ஒரே பதிவு உள்ள நாடாக் கோப்பு 10,256 பைட் இருக்க வேண்டும். இரண்டு பதிவுகள் என்றால் 20,504. ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் எங்கோ பிழை இருக்கிறது. பதிவின் நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு பைட் கூடுதலாக நிரப்ப வேண்டும் என்ற விதி சிம்எச் வடிவத்தில் உண்டு. ஆனால் டார் எப்போதும் 512 இன் மடங்காகவே இருப்பதால், அந்தக் கவலை உங்களுக்கு வராது.

பிறகு கண்ட்ரோல்-ஈ அழுத்தி சிம்எச் கட்டளை வரிக்கு வந்து, ‘அட்டாச் டிஎம்0’ என்று நாடாக் கோப்பின் பெயரோடு இணைத்து, ‘கன்டினியூ’ கொடுத்து யுனிக்ஸுக்குத் திரும்புங்கள். மூலத்தைப் பாதுகாக்க வேண்டுமானால், இணைப்பதற்கு முன் ‘செட் டிஎம்0 லாக்டு’ என்று பூட்டிவிடலாம். சுருளிலிருந்து எழுது வளையத்தைக் கழற்றி வைத்ததற்கு அது சமம். யுனிக்ஸில் ‘டார் எக்ஸ்விபிஎஃப் 20 /டெவ்/ஆர்எம்டி0’ என்று கொடுத்தால் கோப்புகள் வந்து இறங்கும்.

மறுமொழி 2: கிராணி வீட்டுப் பெண் (பீடோர்)

நாடாச்சுருள் ஐயா சொன்னவற்றோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஏழாம் பதிப்பின் விநியோக நாடாவில் பல கெர்னல்கள் இருக்கும். வட்டு வகைக்கும் நாடா வகைக்கும் ஏற்ப ஒன்றைத் தேர்ந்தெடுத்து யுனிக்ஸ் என்று பெயர் மாற்ற வேண்டும். ‘எச்பிடிஎம்யுனிக்ஸ்’ என்பதை எடுத்திருந்தால்தான் டிஎம் நாடா இயக்கி வேலை செய்யும். ‘எச்பிஎச்டியுனிக்ஸ்’ என்பதை எடுத்திருந்தால் நாடா எவ்வளவு சரியாகத் தயாரிக்கப்பட்டிருந்தாலும் கெர்னலுக்கு அந்த இயக்கியே தெரியாது. அத்துடன் /டெவ் அடைவில் ‘மேக் டிஎம்’ என்று கொடுத்துச் சாதனக் கோப்புகளையும் உருவாக்கியிருக்க வேண்டும். பலர் நாடாக் கோப்பையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருப்பார்கள்; முதலில் பார்க்க வேண்டியது இது.

புதிய சிம்எச் பதிப்புகளில் டார் கோப்பை நேரடியாகவே நாடாவாக இணைக்கும் வடிவத் தேர்வு ஒன்று உண்டு. வேலை விரைவில் முடிய வேண்டும் என்றால் அதுவே போதும். வகுப்புக்கு என்றால் கையால் நாடாவை உருவாக்கும் வழியைத்தான் நானும் பரிந்துரைப்பேன்.

சனிக்கிழமை வகுப்பு (சுங்கை சிப்புட்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கெர்னல் சரியானதுதான், சாதனக் கோப்புகளும் இருந்தன. பைத்தான் நிரலை மாணவி ஒருவர் எழுதினார். அளவு 10,256 என்று மிகச் சரியாக வந்தது. ஆர்எம்டி0 வழியாகக் கோப்பும் இறங்கிவிட்டது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. ‘ஆர்’ இல்லாத /டெவ்/எம்டி0 வழியாகப் படித்தால் மீண்டும் பிழை வருகிறது. இரண்டும் ஒரே இயக்கி என்றால் இந்த வேறுபாடு ஏன்? இரண்டாவது, ஆக் நிரலில் கடைசிப் புலமான கட்டிப்பாலின் எடையை அச்சிட்டு, அதன் பின்னால் அலகையும் அச்சிடச் சொன்னால், அலகு வரியின் முடிவில் வராமல் வரியின் தொடக்கத்தில் தொழிலாளி எண்ணின் மேலேயே ஏறி உட்காருகிறது. நாடா கெட்டுவிட்டதா?

மறுமொழி 3: நாடாச்சுருள் (ஈப்போ)

முதல் ஐயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், தம்பி. எம்டி0 என்பது தொகுதிச் சாதனம். ஏழாம் பதிப்பில் அந்த வழியாகப் போகும் எந்தப் படிப்பும் கெர்னலின் 512 பைட் இடையகத்தின் (தற்காலிகச் சேமிப்பிடத்தின்) வழியாகவே போகும். கெர்னல் 512 பைட் கேட்கிறது. நாடாவிலோ 10,240 பைட் பதிவு இருக்கிறது. கேட்டதைவிடப் பதிவு நீளமாக இருந்தால், டிஎம்11 கட்டுப்பாட்டுக் கருவி அதைப் பதிவு நீளப் பிழையாகத் தெரிவிக்கும். ஆர்எம்டி0 இடையகத்தைத் தொடாமல், டார் கேட்கும் அளவை அப்படியே இயக்கியிடம் கேட்கிறது. அதனால்தான் அங்கே 20 என்ற தொகுப்பு எண் (512 பைட் துண்டுகள் 20, அதாவது 10,240 பைட்) பொருள்படுகிறது. ஒவ்வொரு பதிவும் 512 பைட்டாக இருக்கும்படி நாடாவைத் தயாரித்தால் எம்டி0 வழியாகவும் படிக்க முடியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் 512 பைட்டிலேயே எழுதிவிடலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். மெய்நிகர் நாடாவில் தாராளமாக எழுதலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. உண்மையான சுருளில்தான் அது பெரும் நட்டம். அந்தக் காலத்து டியு10 நாடா இயக்கி ஓர் அங்குலத்துக்கு 800 பைட் அடர்த்தியில் எழுதியது. 512 பைட் பதிவு 0.64 அங்குலம் பிடிக்கும். அதை அடுத்து வரும் வெற்றிடம் அரை அங்குலத்துக்கும் மேல். ஆக, 2,400 அடிச் சுருளில் கிட்டத்தட்டப் பாதி, எதுவும் எழுதப்படாத வெறும் நாடாவாகவே ஓடும். 10,240 பைட் பதிவோ 12.8 அங்குலம், அதற்கும் அதே அளவு வெற்றிடம்தான். டாரின் 20 என்ற எண் இந்தச் சிக்கனத்துக்காக வந்தது. இன்று நாடாவே இல்லாத கணினிகளிலும் டார் 10,240 இன் மடங்காகச் சுழியங்களை நிரப்பிக்கொண்டிருப்பதற்கு இதுவே வேர்.

மறுமொழி 4: எட்டாவது பிட் (கிள்ளான்)

வணக்கம் ஆசிரியரே. உங்கள் நாடா கெடவில்லை. நாடா தனக்குக் கொடுக்கப்பட்டதைப் பைட் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. மாணவர்கள் கோப்பை விண்டோஸ் மடிக்கணினியில் தட்டச்சு செய்திருப்பார்கள். அங்கே ஒவ்வொரு வரியும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளோடு முடியும். யுனிக்ஸுக்கு 10 மட்டுமே வரி முடிவு. 13 கடைசிப் புலத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். அதை அச்சிட்டதும் முனையம் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்து வரும் அலகு எண்ணின் மேல் விழுகிறது. எடையைப் பெருக்கிக் கூட்டும்போது விடை சரியாகவே வரும் என்பதால், இந்தப் பிழை வெகுநேரம் கண்ணில் படாமலும் போகலாம். யுனிக்ஸுக்குள்ளேயே ‘டிஆர் -டி’ கட்டளைக்கு \015 என்ற எண்ம மதிப்பைக் கொடுத்து அதை நீக்கிவிடலாம். அல்லது டார் செய்வதற்கு முன்பே லினக்ஸில் நீக்கிவிடலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனெனில் நாடாவில் போகும் கோப்பு சுத்தமாக இருந்தால், அதை எந்தக் கணினியில் இறக்கினாலும் சுத்தமாகவே இருக்கும்.

பெயர்களை விட்டுவிட்டு எண்களை மட்டும் வைத்தது இன்னொரு வகையிலும் நல்லதாயிற்று. தமிழ்ப் பெயர்களை யூனிக்கோடில் எழுதி அனுப்பியிருந்தால், நாடாவும் வட்டும் அவற்றைச் சிதைக்காமல் வைத்திருக்கும். ஆனால் திரையில் பார்க்க முடியாது. யுடிஎஃப்-8 முறையில் ‘க’ என்ற ஓர் எழுத்து 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகளாக இருக்கிறது. ஏழாம் பதிப்பின் முனைய நிரல் ஒவ்வொரு பைட்டிலும் எட்டாவது பிட்டை வெட்டிவிடும். மிஞ்சுவது 96, 46, 21. அதாவது ஒரு சாய்ந்த மேற்கோள் குறி, ஒரு முற்றுப்புள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்து. அதே கோப்பை நாடா வழியாகத் திரும்ப வெளியே எடுத்து லினக்ஸில் திறந்தால் ‘க’ முழுமையாக இருக்கும். இதை வகுப்பில் செய்து காட்டினால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

சி மொழியில் சம்பளக் கணக்கை எழுதும் எண்ணம் இருந்தால் ஓர் எச்சரிக்கை: பிடிபி-11 இல் இன்ட் என்பது 16 பிட் மட்டுமே. சென் கணக்கில் கூட்டினால் 32,767 இல், அதாவது 327 ரிங்கிட் 67 சென்னில் அது நிறைந்து, அடுத்த சென்னிலேயே கழித்தல் எண்ணாகப் புரண்டுவிடும். லாங் பயன்படுத்துங்கள்.

சனிக்கிழமை வகுப்பு (சுங்கை சிப்புட்)

13 ஐ நீக்கியதும் வரிகள் ஒழுங்காகிவிட்டன. மிக்க நன்றி ஐயா. கடைசியாக ஒன்று: உள்ளே உருவான அறிக்கைகளை வெளியே எடுத்து அச்சிட்டு, கிராணியாரிடம் காட்ட விரும்புகிறோம். அதற்கும் நாடாதான் வழியா?

மறுமொழி 5: கிராணி வீட்டுப் பெண் (பீடோர்)

ஆம், சார். நீங்கள் செய்ததையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பூட்டியிருந்தால் முதலில் ‘செட் டிஎம்0 ரைட்எனேபிள்டு’ என்று பூட்டை எடுத்துவிட்டு, இதுவரை இல்லாத ஒரு பெயரில் புதிய நாடாக் கோப்பை இணைத்துக்கொள்ளுங்கள். சிம்எச் வெற்று நாடா ஒன்றை உருவாக்கும். யுனிக்ஸில் ‘டார் சிவிபிஎஃப் 20 /டெவ்/ஆர்எம்டி0’ என்று கொடுத்து, அறிக்கைக் கோப்புகளின் பெயர்களை அதனுடன் சேர்த்துக் கொடுங்கள். பிறகு லினக்ஸில், உங்கள் மாணவி எழுதிய நிரலை எதிர்த் திசையில் எழுதச் சொல்லுங்கள்: நான்கு பைட் நீளத்தைப் படித்து, அத்தனை பைட் தரவை எடுத்துக்கொண்டு, பின்னால் வரும் நீளம் முன்னால் வந்ததோடு ஒத்திருக்கிறதா என்று சோதித்து, சுழியம் வரும்வரை தொடர வேண்டும். நீளத்தை 10,240 என்று நிரலில் நிலையாக எழுதிவிடாமல், படித்த எண்ணையே நம்பி நடக்கும்படி எழுதினால், அதே நிரல் வேறு நாடாக்களுக்கும் உதவும்.

நாடாக் கோப்பை லினக்ஸில் திறப்பதற்கு முன், கண்ட்ரோல்-ஈ அழுத்தி ‘டிட்டாச் டிஎம்0’ என்று கட்டாயம் கழற்றிவிடுங்கள். கழற்றாத கோப்பில் கடைசிப் பதிவுகள் இன்னும் வட்டுக்கு எழுதப்படாமல் இருக்கக்கூடும். எமுலேட்டரையே நிறுத்துவதாக இருந்தால், அதற்கு முன் யுனிக்ஸில் ‘சிங்க்’ (நினைவகத்தில் உள்ளதை வட்டுக்கு எழுதும் கட்டளை) கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.